பதினான்காம் பக்கம்

பிப்ரவரி முடிந்ததும் அது என்னிடம் வந்துவிடும்.
மிசிசிப்பியில் ஒரு மாவட்ட நூலகம்,
அதன் நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில் என் மேசை.
பசை, எலும்புக் கத்தி,
வெங்காயச் சருகுபோல் ஒரு காகிதம்.
முப்பத்திரண்டு பக்கப் படப் புத்தகம்.
படிப்பவர்களுக்கு வயது ஏழு.

எப்படிப் படித்தார்கள் என்பதை
அழுக்கு சொல்லிவிடும்.
இரண்டு குழாய், இரண்டு பலகை உள்ள பக்கத்தில்
விரல் தடம் குறைவு.
எதில் தண்ணீர் ஜில்லென்று வரும் என்று
ஒருவன் கேட்டானாம்.
இதைச் சொன்னபோது வோனெட்டா டீச்சர் சிரிக்கவில்லை.
அவனுக்குப் புரிந்துவிட்டது என்றார்.

நைந்து வருவது பதினான்காம் பக்கம்.
கடையின் நீள மேடை, நான்கு முக்காலி,
கழுத்துப்பட்டை கட்டிய மூன்று பையன்கள்,
மஞ்சள் கவுனில் ஒரு பெண்.
எதிரே துடைத்துவைத்த வெறும் மேடை.
கீழே ஒரே வரி:
அவர்கள் காத்திருந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்
யாரோ அவள் முன்னால் ஒரு கோப்பை வரைந்திருந்தார்கள்.
பழுப்பு மெழுகுக் குச்சி. இரண்டு உறிஞ்சுகுழல்.
சுரண்டி எடுக்க வேண்டும், அதுதான் விதி.
கத்தியை வைத்தேன்,
வைத்த கத்தியை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் பையன்களுக்கும் தட்டு வந்தது.
பொரித்த கோழி. ரொட்டி.
நூடுல்ஸா பூரானா என்று தெரியாத ஒன்று.
பக்கத்தில் கோணல் எழுத்தில்: இலவசம்.
அதை வேறொரு கை, வேறொரு பென்சில்,
அழுத்தி அடித்துவிட்டு எழுதியிருந்தது:
அவளிடம் காசு இருக்கிறது.
கீழே எட்டு நாணயம், வட்ட வட்டமாய்.

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.
அப்படியொரு கடையில்தான் என் அம்மா ரிப்பன் வாங்கினாள்.
நின்று வாங்கலாம்.
காசை வாங்கிக்கொள்வார்கள்.
உட்காரத்தான் கூடாது.

இந்த வருஷம் ஓட்டை.

அவர்களுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பான்,
சர்க்கரைக் குடுவையை
அவள் தலைக்கு மேல் கவிழ்த்தபடி.
அவன் முகத்தில் நீலப் பேனா
சுழன்று சுழன்று, தாள் கிழிந்து,
அதன் வழியே பன்னிரண்டாம் பக்கம் தெரிகிறது:
அன்று காலையில்
மகனின் சட்டையைத் தேய்க்கும் ஒரு தாயின் கை.

மார்லி ஸ்ட்ரிங்கர், இரண்டாம் வகுப்பு.
கோபமா என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.
இல்லை, இவர் எங்கள் தாத்தா மாதிரி இருக்கிறார்
என்றாளாம்.
அதற்குப் பிறகு தொலைபேசியில்
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஓட்டையை அப்படியே விட்டுவிடலாம்.
எத்தனை பேருக்கு நிம்மதி!
ஆனால் அவன் போய்விட்டால்
இந்த நால்வரும் சும்மா பசியோடு
உட்கார்ந்திருப்பவர்கள் ஆகிவிடுவார்கள்,
பரிமாறுபவள் எங்கோ போயிருப்பாள்,
வந்துவிடுவாள்.

பக்கத்து மாவட்டப் பிரதியிலிருந்து
அவன் முகத்தை நகலெடுத்தேன்.
மூச்சை அடக்கி வெட்டினேன்.
பின்புறம் சருகுக் காகிதம், ஓரத்தில் பசை,
விரல் நுனியால் ஒரு தடவல்.
என் வாழ்நாளில் அப்படியொரு முகத்தை
இவ்வளவு மெதுவாகத் தொட்டதில்லை.

கொஞ்சம் கோணிவிட்டது.
இப்போது அவன் கண் அவள் தலையில் இல்லை,
அந்தப் பழுப்புக் கோப்பையில் இருக்கிறது.
பிரித்து ஒட்டலாம்தான்.
கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. மணி ஐந்தரை.
மேலே பழைய வரிப் பேரேடுகள் இரண்டை வைத்து
விளக்கை அணைத்தேன்.

காத்திருப்போர் பட்டியலில்
இதற்கு ஒரே ஒரு பெயர்:
ஸ்ட்ரிங்கர், மார்லி.